எம்ஐடிக்கும் ஹார்வர்டுக்கும் இங்கிருந்து விண்ணப்பிப்பது எப்படி: பிளஸ் ஒன் கோடை விடுமுறை முதல் விசா வரை

அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் உங்கள் கட்-ஆஃப் 198 என்றால், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணனே சொல்லிவிடுவார். அமெரிக்காவின் முன்வரிசைப் பல்கலைக்கழகங்களைப் பற்றி அப்படி யாராலும் சொல்ல முடியாது. எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1580 வாங்கியவருக்கு இடம் கிடைக்காமல் போகும், 1500 வாங்கியவருக்குக் கிடைத்துவிடும். அங்கே ரேங்க் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு ஃபைல். அதை ஒருவரோ இருவரோ படித்துக் குறிப்பெழுதுவார்கள், அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும். உங்களை நேரில் பார்த்திராத ஒருவர் அந்தக் குழுவில் உங்களுக்காகப் பேசும்படி ஃபைலைத் தயார் செய்வதுதான் உங்கள் வேலை.

வாய்ப்பு எவ்வளவு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடிக்கு ஆண்டுதோறும் 25,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். ஏறத்தாழ 1,300 பேருக்குத்தான் இடம். வகுப்பில் வெளிநாட்டு மாணவர்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதில் உலகம் முழுவதும் போட்டி. அதனால் ஜேஇஇ, டிஎன்இஏ என்று இங்கே என்ன வழி வைத்திருக்கிறீர்களோ அதை விட்டுவிடாதீர்கள்.

பேச வசதியாக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். கோவைக்குப் பக்கத்தில் சூலூர். அரசு உதவி பெறும் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டம். அப்பா பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். பள்ளியிலிருந்து இதுவரை யாரும் அமெரிக்காவுக்கு இளநிலைப் படிப்புக்குப் போனதில்லை.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்

எல்லோரும் கடைசியில் பேசுவதை நான் முதலில் வைக்கக் காரணம், எங்கெங்கே விண்ணப்பிப்பது என்பதைப் பணம்தான் தீர்மானிக்கிறது. இந்தப் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரை நெருங்குகிறது. ரூபாயில் முக்கால் கோடிக்கும் மேல். நான்கு ஆண்டுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகையைப் பார்த்ததும் வைண்டிங் கடை அப்பா சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆனால் அந்தக் குடும்பத்தால் கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மீதி முழுவதையும் தானே தரும் இடங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை.

முதல் வகை ‘நீட் பிளைண்ட்’. நம் ஊரில் நீட் என்றாலே வயிற்றைக் கலக்கும். இது வேறு நீட், ‘தேவை’ என்று பொருள். உதவி கேட்டிருக்கிறாயா, எவ்வளவு கேட்டிருக்கிறாய் என்று பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்வார்கள். அமெரிக்க மாணவர்களுக்கு இப்படிச் செய்யும் இடங்கள் நிறைய. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே விதியை வைத்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், பௌடின் ஆகியவற்றோடு அண்மையில் சேர்ந்துகொண்ட பிரவுன், நோட்டர் டேம் போன்றவை.

இரண்டாவது வகை ‘நீட் அவேர்’. சேர்த்துக்கொண்டால் தேவையான முழு உதவியும் தருவார்கள். ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசும்போது நீங்கள் கேட்ட தொகையும் மேஜையில் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், டியூக், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா எல்லாம் இதில் வரும். கார்னெலில் இந்திய மாணவர்களுக்கென்றே டாடா உதவித்தொகை ஒன்று தனியாக இருக்கிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள், அதாவது பெர்க்லி, யுசிஎல்ஏ எல்லாம், வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவதில்லை. இது தெரியாமல் விண்ணப்பித்து, இடமும் கிடைத்து, பணம் இல்லாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. கையில் காசு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீக்கில் மதிப்பெண்ணுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. எல்லாம் குடும்ப நிலையைப் பார்த்துத் தருவதுதான். ஹார்வர்டில் 2025-26 முதல், வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,00,000 டாலர் வரை இருந்தால் பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2,00,000 டாலர் வரை இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை. எம்ஐடியும் இதே அளவுகளைத்தான் வைத்திருக்கிறது. வருமானத்தை ரூபாயில் மாற்றிப் பாருங்கள், நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் அந்த முதல் கோட்டுக்கு வெகு கீழே.

பட்டியல் போடுவது

எட்டிலிருந்து பத்து இடம் போதும். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் இருபது வரை சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரைகள் உண்டு. இருபதுக்கும் எழுதினால் இருபதும் அரைவேக்காடாகத்தான் இருக்கும். நம் மாணவியென்றால், நீட் பிளைண்ட் இடங்களில் நான்கு, முழு உதவி தரும் நீட் அவேர் இடங்களில் ஐந்தாறு என்று போடச் சொல்வேன். அதில் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளும், அதாவது கலை, அறிவியல் இரண்டையும் கலந்து பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டும் தரும் கல்லூரிகளும், இருக்கட்டும். ‘கிரின்னெல்லா? அது எந்த ஊர்ல இருக்கு?’ என்று சித்தப்பா கேட்பார். கேட்கட்டும். அங்கே ஒரு வகுப்பில் இருபது பேருக்குள்தான் இருப்பார்கள், பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். விண்ணப்பக் கட்டணமும் இல்லை.

மற்ற இடங்களில் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 100 டாலர். கஷ்டமென்றால் காமன் ஆப்பிலேயே கட்டண விலக்கு கேட்கலாம். வெளிநாட்டு மாணவர்களிடமிருந்தும் பல இடங்களில் அதை ஏற்கிறார்கள். எம்ஐடி காமன் ஆப்பில் இல்லை. அதற்குத் தனித் தளம்.

கன்சல்டன்சிக்கு லட்சக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் சென்னையில் இருக்கிறது. அடிப்படை ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை.

இனிஷியல் என்னும் சின்னத் தலைவலி

எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது, ஆனால் தமிழர்கள் எல்லோரும் இதில் ஒரு முறையாவது முட்டிக்கொள்கிறோம். மார்க் ஷீட்டில் ‘ஆர். கவின்மொழி’. ஆதாரில் ‘கவின்மொழி ராமசாமி’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, பெயர் இடத்தில் மட்டும் ‘கவின்மொழி’. அமெரிக்க முறையில் குடும்பப் பெயர் கட்டாயம். பாஸ்போர்ட்டில் அது காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சடித்துவிடுவார்கள். முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் நான்கு வருடம் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ‘மிஸ் எஃப்என்யு’ என்று கூப்பிடுவார்கள்.

அதனால் பிளஸ் ஒன்னிலேயே பாஸ்போர்ட் எடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் முழுதாக விரித்து எழுதுங்கள். அப்புறம் எஸ்ஏடி, காமன் ஆப், நிதி உதவிப் படிவம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் இருப்பதைத் தலைமையாசிரியர் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

தேர்வுகள்

கொரோனா காலத்தில் எஸ்ஏடி வேண்டாம் என்று சொன்ன பல இடங்கள் மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. எம்ஐடி 2022-லேயே திரும்பக் கொண்டுவந்தது. ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன், ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் எல்லாம் பின்னாலேயே வந்தன. கொலம்பியாவும் பல லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளும் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்க்காது.

தேர்வு இப்போது முழுக்கக் கணினியில்தான், 2 மணி 14 நிமிடம். கணிதம் நம் பிள்ளைகளுக்குப் பழகியதுதான். ஆங்கிலப் பகுதிக்குத்தான் ஆறு மாதம் வேண்டும். அதற்குக் குறுக்குவழி தினமும் ஏதாவது ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையைப் படிப்பது. குறுக்குவழி மாதிரி தெரியாது, ஆனால் அதுதான். பிளஸ் ஒன் முடிந்த மே அல்லது ஜூனில் ஒரு முறை, ஆகஸ்டிலோ அக்டோபரிலோ இன்னொரு முறை எழுதுங்கள். மையங்கள் குறைவு, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆங்கிலத் திறன் தேர்வுகளான டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டியோலிங்கோ இவற்றில் ஒன்றையும் முடித்துவிடுங்கள்; எங்கே கட்டாயம், எங்கே இல்லை என்பது இடத்துக்கு இடம் மாறும்.

பள்ளியிலிருந்து போக வேண்டியவை

காமன் ஆப் ‘கவுன்சிலர்’ ஒருவரைக் கேட்கும். வார்டு கவுன்சிலரைச் சொல்லவில்லை. மாணவருக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் பள்ளி அலுவலர். நம் பள்ளிகளில் அப்படி ஆள் இல்லையென்றால் தலைமையாசிரியர் பெயரைக் கொடுங்கள். அவர் அனுப்ப வேண்டியது பள்ளி அறிக்கை, 9 முதல் 12 வரையிலான மதிப்பெண்கள், ஒரு பரிந்துரைக் கடிதம், பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. இவை போக இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள்.

அந்த ஒரு பக்கக் குறிப்பை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். பாஸ்டனில் உட்கார்ந்து படிப்பவருக்கு உங்கள் பள்ளியில் எத்தனை பேர், எந்த வழிக் கல்வி, மாநில வாரியத் தேர்வில் 600-க்கு 570 என்றால் அந்தப் பள்ளியில் எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் உங்கள் 570-க்கு அர்த்தம். மதிப்பெண்ணை நீங்களாக ஜிபிஏ என்ற அமெரிக்கச் சராசரிப் புள்ளியாக மாற்றாதீர்கள். பள்ளி ஜிபிஏ போடுவதில்லை என்றால் ‘இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் வாரியங்களை அவர்களுக்குத் தெரியும்.

கடிதம் கேட்டால் நம் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது: “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” அன்பினால் சொல்வதுதான். ஆனால் வேண்டாம். நீங்களே எழுதியது கட்டுரையின் அதே குரலில் இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பவருக்கு அது தெரிந்துவிடும். பதிலுக்கு ஒரு குறிப்புத் தாள் கொடுங்கள். ‘சார், அன்னைக்கு ஓம் விதி நடத்தும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்க மறுநாள் பதில் சொன்னீங்களே’ என்பது போல மூன்று நான்கு சம்பவங்களை எழுதிக் கொடுத்தால் அவரே எழுதிவிடுவார். எம்ஐடி கேட்பது கணிதம் அல்லது அறிவியலில் ஒருவர், மொழி அல்லது சமூக அறிவியல் பாடத்தில் ஒருவர். உங்களை நன்றாக அறிந்தவர் தமிழாசிரியர்தான் என்றால் அவரையே கேளுங்கள். அவர் தமிழில் எழுதட்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்து அனுப்பலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முழு உதவியோடு சேர்ந்த ஓர் இந்திய மாணவர், மதிப்பெண் சான்றைப் போலியாகச் செய்து, பள்ளி முதல்வர் பெயரில் பொய் மின்னஞ்சல் உருவாக்கி, உயிரோடிருந்த அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழும் தயாரித்திருந்தார். பெயரை மறைத்து ரெடிட்டில் அவரே பெருமையாக எழுதி, 2024-ல் மாட்டிக்கொண்டார். கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

பத்து வரியும் ஒரு கட்டுரையும்

பள்ளிப் பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுத காமன் ஆப்பில் பத்து இடம். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான், இடைவெளி உட்பட. நம் மாணவி முதலில் ரங்கோலிப் போட்டி, சதுரங்கம், ஒரு நாள் மரம் நட்டது என்று நிரப்புவாள். கடையில் வேலை செய்வதை எழுதவே மாட்டாள். ‘அதெல்லாம் வீட்டு வேலைதானே?’

அதுதான் அவளிடம் இருக்கும் மிகச் சிறந்த விஷயம். முதல் முயற்சியில் இப்படி எழுதுகிறாள்: ‘அப்பாவின் தொழிலில் உதவி, மின்பொறியியலில் ஆர்வம் வளர்ந்தது.’ இதில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் முறை: ‘எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன், 3 ஆண்டுப் பில்களைக் கணினியில் ஏற்றி, எந்த ஊரில் எப்போது எரிகிறது என்று கண்டேன்.’ வாரம் எத்தனை மணி நேரம் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் 14. இப்போது படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது, மாடு கறப்பது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லாமே இந்தப் பத்துக்குள் வரத் தகுதியானவை.

அடுத்தது பொதுக் கட்டுரை, 650 சொற்களுக்குள். அப்துல் கலாமின் கனவு மேற்கோளோடு தொடங்காதீர்கள். இந்தியாவிலிருந்து வரும் ஃபைல்களைப் படிப்பவர் அதை மனப்பாடமாகவே வைத்திருப்பார். ‘சிறு வயதிலிருந்தே எனக்கு...’ என்ற தொடக்கமும் அப்படித்தான்.

நம் மாணவி இப்படித் தொடங்கலாம்:

“மோட்டாரைத் திறந்ததும் அப்பா முதலில் செய்வது மோந்து பார்ப்பது. வார்னிஷ் கருகிய வாசனைக்குப் பிறகுதான் கண் வேலை செய்யும். காயில் முழுக்க ஒரே மாதிரி கருகியிருந்தால் லோடு அதிகம். ஒரு பகுதி கரியாகி, பக்கத்துப் பகுதி புதுசு போல மின்னினால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. விவசாயி என்ன சொன்னாலும் காயில் பொய் சொல்லாது என்பார். பத்தாம் வகுப்புக் கோடையில் ஒரே ஊரிலிருந்து பதினொரு மோட்டார்கள் வந்தன. எல்லாமே சீராகக் கருகியிருந்தன. பதினொரு பேருமா லோடைக் கூட்டியிருப்பார்கள்?”

இதில் சாதனை எதுவும் இல்லை, விருதும் இல்லை. ஆனால் இவள் எப்படிப் பார்க்கிறாள், எங்கே சந்தேகப்படுகிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. அடுத்த பத்தியில் அவள் தவறாக ஊகிக்க வேண்டும். கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடியதால் என்று முதலில் நினைக்கிறாள். பிறகு மல்டிமீட்டரோடு அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் தோட்டங்கள் அவை. கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடும்போது வோல்டேஜ் இறங்குகிறது, அதே லோடுக்கு மோட்டார் அதிக கரண்டை இழுத்துச் சூடாகிறது. இந்தத் தவறான ஊகத்தை வெட்டிவிடாதீர்கள். தேடும் மனதை அதுதான் காட்டுகிறது. கடைசியில் ‘இதிலிருந்து நான் விடாமுயற்சியைக் கற்றேன்’ என்ற வரி வந்தால் அதை மட்டும் வெட்டுங்கள்.

ஏஐ-யிடம் எழுதச் சொல்லாதீர்கள். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும்; அதற்கு வார்னிஷ் வாசனை தெரியாது.

தனிக் கட்டுரைகள் இடத்துக்கு ஒரு மாதிரி. விடுதி அறையில் கூடத் தங்கப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லும் ஸ்டான்ஃபோர்டு. பிரின்ஸ்டன், ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போட்ட ஒரு கட்டுரையையும் கேட்கும். பள்ளியில் எழுதும்போதே ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். ‘எங்களிடம் ஏன்?’ என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றினாலும் பொருந்தும் பதில் வீண்.

நிதி உதவிப் படிவம்

பெரும்பாலான இடங்கள் கேட்பது சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இணையப் படிவம். அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். முதல் இடத்துக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. முடியாதென்றால் பல்கலைக்கழக நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதி விலக்குக் குறியீடு கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வருமானத்தை ரூபாயிலேயே நிரப்பலாம். அப்பா வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் என்றால் அந்த ஆவணம். இல்லையென்றால் தாசில்தாரின் வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புத்தகம், கடையின் வரவு செலவை விளக்கி அப்பா கையெழுத்திட்ட ஒரு கடிதம். வீட்டு மதிப்பு, நிலம், கடன், தாத்தாவின் மருத்துவச் செலவு எல்லாவற்றையும் சொல்லுங்கள். குறைத்துக் காட்டினால் வாய்ப்புக் கூடும் என்று நினைத்து, தேவையை விடக் குறைவாக உதவி கேட்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்க முடியாது என்பது பல இடங்களில் விதி.

எப்போது, எங்கே அனுப்புவது

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புது ஆண்டுக்குத் திறக்கும். முன்கூட்டிய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், முடிவு டிசம்பர் நடுவில். பொதுச் சுற்று ஜனவரி முதல் வாரம், முடிவு மார்ச் கடைசிக்குள்.

முன்கூட்டிய சுற்றிலும் வகைகள் உண்டு. ‘எர்லி டிசிஷன்’ என்றால் கட்டுப்பாடு: கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், ஒரே ஓர் இடத்துக்குத்தான் போடலாம். தரும் உதவி போதவில்லையென்றால் மட்டும் விலகலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் கட்டாயம் சேர வேண்டியதில்லை, ஆனால் அதே சுற்றில் வேறு தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் போடக்கூடாது. எம்ஐடியில் இரண்டு கட்டுப்பாடும் இல்லை. உதவி அதிகம் தேவைப்படுபவருக்கு, முழு உதவி தரும் ஒரு கல்லூரியில் எர்லி டிசிஷன் நல்ல துருப்புச்சீட்டு. ஆனால் ஃபைல் அக்டோபரிலேயே தயாராக இருந்தால் மட்டும். பாதி வெந்ததை நவம்பரில் இறக்குவதைவிட ஜனவரியில் பரிமாறுவது மேல்.

டிசம்பரில்தான் நெருக்கடி. அரையாண்டுத் தேர்வும் தனிக் கட்டுரைகளும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அதனால் தனிக் கட்டுரைகளைத் தீபாவளிக்குள் முதல் வடிவத்திலாவது எழுதிவிடுங்கள். அரையாண்டு மதிப்பெண்ணைப் பள்ளி தனியாக அனுப்ப வேண்டும், தலைமையாசிரியருக்கு ஜனவரியில் நினைவூட்டுங்கள்.

அனுப்பிய பிறகு

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு போர்ட்டல் கணக்கு தரும். எந்த ஆவணம் வந்தது, எது வரவில்லை என்று அதில் தெரியும். வாரம் ஒரு முறை பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. பழைய மாணவர் யாராவது இணையவழி நேர்காணலுக்கு அழைக்கலாம், அழைக்காவிட்டால் பாதகமில்லை.

எம்ஐடி வழக்கமாக மார்ச் 14 மாலை முடிவை வெளியிடும். நமக்கு அது மறுநாள் விடியற்காலை நான்கு மணி. அன்றே பொதுத்தேர்வும் இருக்கலாம். இருந்தால், தேர்வு எழுதிவிட்டு வந்து பாருங்கள் என்பேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும்.

இடம் கிடைத்தால் மே 1-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பிளஸ் டூ இறுதி மதிப்பெண் சான்றும் போக வேண்டும். திடீரென்று சரிந்தால் கேள்வி கேட்பார்கள். பிறகு பல்கலைக்கழகம், விசாவுக்குத் தேவையான சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவம் அனுப்பும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் கட்டி, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். கடந்த ஐந்து ஆண்டில் வைத்திருந்த சமூக வலைதளக் கணக்குகளைக் குறிப்பிட வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு அவற்றைப் பொதுவில் திறந்தும் வைக்கச் சொல்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: ஏன் இந்தப் பல்கலைக்கழகம், என்ன படிக்கப்போகிறாய், யார் பணம் கட்டுகிறார்கள். மூன்றாவதுக்கு உதவித்தொகைக் கடிதத்தை எடுத்து நீட்டினால் போதும். முதலிரண்டுக்கும் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஏற்கெனவே கட்டுரையில் எழுதியதைச் சொல்லுங்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ‘பிசினஸ்’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார் என்றே சொல்லுங்கள்.